தாடை மூட்டு இறுக்கம்

தாடை மூட்டு இறுக்கம் என்பது காதுக்கு முன்னே கீழ்த்தாடை மண்டையோட்டுடன் சேரும் மூட்டு அசைவிழந்து, எலும்போடு எலும்பாக ஒட்டிக்கொள்ளும் நிலை ஆகும். சிறுவயதில் விழுந்து முகவாயில் அடிபடுதலும், கவனிக்காது விட்ட காதுச் சீழும் இதன் முதன்மைக் காரணங்கள். இந்திய மருத்துவமனைகளில் இது இன்றும் காணப்படுகிறது.

மூச்சுப்பாதை

மூட்டிலுள்ள வளர்ச்சிப் பகுதி கெடுவதால் தாடை சிறுத்துப் பின்தங்குகிறது. நாக்கு தாடையுடன் பிணைந்தது. ஆகவே மல்லாந்து உறங்கும்போது அது பின்சரிந்து தொண்டையை அடைக்கிறது. பலத்த குறட்டையும், இடையிடையே மூச்சு நிற்றலும் உண்டாகின்றன. குருதியில் ஆக்சிசன் குறைந்து தூக்கம் கலைவதால் பகற்சோர்வு, கவனக்குறைவு, உடல் வளர்ச்சிக் குன்றல் ஆகியன தோன்றலாம். நெடுநாள் நீடித்தால் நுரையீரல் தமனி அழுத்தம் உயர்ந்து, இதயத்தின் வலப்பக்கம் பழுதடையலாம். எனவே வாய் திறக்க இயலாத குழந்தையின் குறட்டையை இயல்பானதெனக் கொள்ளலாகாது.

வாய் திறக்கையில் 'டக்' என ஒலிக்கும் சாதாரண மூட்டுக் கோளாறு வேறு. அதைச் சரிசெய்தால் முதுகுவலி முதல் செரிமானக் கேடு வரை நீங்கும் என்னும் விளம்பரங்களுக்குத் தக்க சான்று இல்லை.

சிகிச்சை

ஒட்டிய எலும்பை அகற்றி வாயைத் திறப்பது மட்டும் போதாது. தாடை மேலும் பின்சென்று மூச்சடைப்பு மிகக்கூடும். மும்பை நாயர் மருத்துவமனைப் பல் மருத்துவக் கல்லூரியினர் 2012 இல் வெளியிட்ட முறையில், தாடையெலும்பை வெட்டி முதலில் நீட்டுகின்றனர்; மூட்டை விடுவிப்பது அதன் பின்னரே. இவ்வகை நீட்டலில் திருகுக் கருவியால் பொதுவாக நாளொன்றுக்கு 1 மி.மீ. அளவே நகர்த்தப்படும். அறுவைக்குப் பின் வாய்ப்பயிற்சியை மாதக்கணக்கில் விடாது செய்யாவிடில் மூட்டு மீண்டும் ஒட்டிக்கொள்ளும்.