வரைபடமும் தரவிணைப்பும்: புல எண் முதல் மென்பொருள் வரை

நிலவரைபட மென்பொருளில் தரவு மூலம் என்பது, வரைபடத்தில் காட்டப்படும் எல்லை, சாலை, ஏரி முதலியவற்றின் விவரங்கள் சேமிக்கப்பட்டுள்ள கோப்பு அல்லது தரவுத்தளம் ஆகும். வரைபடத் திட்டக் கோப்பில் பொதுவாக இத்தரவுகள் இருப்பதில்லை; அவை இருக்கும் இடத்தின் முகவரியும், அவற்றுக்குரிய நிறம், குறியீடு ஆகியனவும் மட்டுமே இருக்கும். எனவே, தரவுக் கோப்பு இடம் மாறினாலோ பெயர் மாறினாலோ இணைப்பு அறுந்து, அந்த அடுக்கு வெறுமையாகிவிடும்.

காகிதக் காலம்

இச்சிக்கல் கணினிக்கு முந்தையது. தமிழ்நாட்டு நில அளவையில் புலப்படம் ஓரிடத்திலும், உரிமை, பரப்பு, தீர்வை ஆகிய விவரங்கள் பதிவேட்டிலும் இருந்தன. இரண்டையும் இணைத்தது புல எண்ணே. மறு அளவையில் எண் மாறியபோது, பழைய பத்திரத்தில் உள்ள நிலம் எதுவென அறியப் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ஒப்பிடும் பதிவேடு தேவைப்பட்டது. 1979இல் தொடங்கிய நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்துக்கு முந்தைய பத்திரங்களைச் சரிபார்ப்போர் இன்றும் இவ்வாறே எண்களை ஒப்பிடுகின்றனர்.

படப்பை

வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் அமைந்த படப்பை, முன்பு செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. 1997இல் அம்மாவட்டம் பிரிக்கப்பட்டபோது காஞ்சிபுரம் மாவட்டத்தில் சேர்ந்தது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது திருப்பெரும்புதூர் வட்டத்தில் இருந்த இவ்வூர், இப்போது குன்றத்தூர் வட்டத்தில் உள்ளது. ஊர் நகரவில்லை, அதன் நிர்வாக முகவரியே மாறியது. 2011ஆம் ஆண்டு அட்டவணையை வட்டத்தின் பெயரைக் கொண்டு இன்றைய எல்லைப்படத்துடன் இணைத்தால், படப்பை விடுபட்டுப்போகும். ஊர்களுக்கு நிலையான குறியீட்டு எண் வழங்கப்படுவதன் பயன் இதுவே.

மென்பொருளில்

1990களில் பரவிய ஷேப் கோப்பு வடிவம் ஒரே அடுக்கைக் குறைந்தது மூன்று கோப்புகளாகப் பிரித்து வைத்தது. வடிவம், அதன் சுட்டு, விவர அட்டவணை ஆகியவற்றுள் ஒன்று விடுபட்டாலும் பழுது நேர்ந்தது. 2014இல் தரப்படுத்தப்பட்ட ஜியோபேக்கேஜ் வடிவம் பல அடுக்குகளை ஒரே கோப்பில் சேர்க்க வழிசெய்தது.

2002இல் கேரி ஷெர்மன் தொடங்கிய கட்டற்ற மென்பொருளான கியூஜிஐஎஸ், திட்டத்தைத் திறக்கும்போது கிடைக்காத அடுக்குகளைப் பட்டியலிடும். பயனர் புதிய இடத்தைச் சுட்டிக்காட்டலாம். ஆர்க்ஜிஐஎஸ் அத்தகைய அடுக்கின் அருகே சிவப்பு வியப்புக்குறியைக் காட்டும்.

சரிசெய்தலும் எச்சரிக்கையும்

திட்டக் கோப்பையும் தரவையும் ஒரே கோப்புறையில் வைத்து, சார்புப் பாதையில் சேமித்தால், கோப்புறையை முழுதாக வேறு கணினிக்கு மாற்றினாலும் இணைப்பு நிலைக்கும். அறுந்த இணைப்பைப் புதுப்பிக்கும்போது கோப்பின் பெயரை மட்டும் நம்பலாகாது. ஆண்டு, ஆள்கூற்று முறை, புலங்களின் எண்ணிக்கை ஆகியவற்றையும் ஒப்பிட வேண்டும். அறுந்த இணைப்பு தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும். பிழையான கோப்புடன் இணைந்த வரைபடமோ, ஒருவரின் நிலத்தை மற்றொருவர் பெயரில் சந்தேகமின்றிக் காட்டிவிடும்.