பேரணைக்கு வரும் நீரும் ஒரு குத்தகைச் சீட்டும்

திண்டுக்கல் மாவட்டம் நிலக்கோட்டை வட்டத்தில், வைகையின் குறுக்கே பேரணை அமைந்துள்ளது. பெரியாறு பிரதானக் கால்வாய் இங்கிருந்து பிரிந்தே மதுரைச் சமவெளிக்குச் செல்கிறது. திண்டுக்கல் நகரின் குடிநீரிலும் பேரணைக்குப் பங்குண்டு. ஆற்றின் பெயர் வைகை. ஆனால் அதில் வரும் நீரின் பெரும்பங்கு மேற்கே பாய வேண்டிய பெரியாற்றினுடையது. மலையைக் குடைந்து அதைக் கிழக்கே திருப்பிய பென்னிகுவிக்கை நாம் மறக்கவில்லை. அந்நீருக்கு உரிமை தந்த ஆவணத்தைத்தான் படிக்க மறந்துவிட்டோம்.

1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் அரசுக்கும் பிரிட்டிஷ் இந்திய அரசுக்கும் இடையே அவ்வாவணம் கையெழுத்தானது. 8,000 ஏக்கர் நிலம், ஏக்கருக்கு ஐந்து ரூபாயாக ஆண்டு வாடகை 40,000 ரூபாய், காலம் 999 ஆண்டுகள். இதை நதிநீர்ப் பங்கீட்டு ஒப்பந்தம் என்று பலரும் எழுதுகிறார்கள். உண்மையில் இது குத்தகைச் சீட்டு. காவிரியைப்போல இவ்வளவு உனக்கு, இவ்வளவு எனக்கு என்ற கணக்கு இதில் இல்லை. குத்தகை நிலத்துக்குள் வந்து சேரும் நீர் முழுவதும் குத்தகைதாரருக்கே. ஆகவே இங்கு வழக்குகள் 'எவ்வளவு' என்பது பற்றி எழவில்லை. 'எதற்கு', 'எவ்வளவு உயரத்துக்கு' என்பவை பற்றியே எழுந்தன.

முதல் வழக்கு 'எதற்கு' என்பது. அந்நீரைக் கொண்டு மின்சாரம் எடுக்கச் சென்னை மாகாணம் விரும்பியது, திருவிதாங்கூர் மறுத்தது. இரு தரப்பு நடுவர்களும் கருத்து மாறுபட, வழக்கு மேல்நடுவர் நளினி ரஞ்சன் சட்டர்ஜியிடம் சென்றது. நீர் பாசனத்துக்கு மட்டுமே என்று 1941இல் அவர் தீர்ப்பளித்தார். ஒரு சொல்லின் பொருள் எல்லையை எப்படி வரையறுப்பது என்ற, தமிழ் உரையாசிரியர்கள் நன்கறிந்த சிக்கல்தான் அங்கும் இருந்தது. அதைத் தீர்த்தது பின்னாளில் வந்த சமரசம். 1970 மே 29 அன்று கையெழுத்தான துணை ஒப்பந்தங்களின்படி வாடகை ஏக்கருக்கு 30 ரூபாயாக உயர்ந்தது. கட்டணம் செலுத்தி மின்சாரம் எடுக்கத் தமிழகத்துக்கு இசைவு கிடைத்தது. மீன்பிடி உரிமை கேரளத்துக்குச் சென்றது.

இரண்டாவது வழக்கு உயரம் பற்றியது. அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 152 அடி. பாதுகாப்பு குறித்த அச்சத்தால் 1979இல் நீர்மட்டம் குறைக்கப்பட்டு, பின்னர் 136 அடியில் நின்றது. பலப்படுத்தும் பணிகளுக்குப் பிறகு, 2006 பிப்ரவரி 27 அன்று உச்ச நீதிமன்றம் 142 அடிக்கு அனுமதி தந்தது. அடுத்த மாதமே கேரள சட்டமன்றம் 136 அடியைத் தாண்டக்கூடாது என்று சட்டம் இயற்றியது. தமிழகம் மீண்டும் வழக்குத் தொடுத்தது. 2014 மே 7 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு இரண்டு செய்திகளைத் தெளிவாக்கியது: மன்னராட்சி மறைந்தாலும் 1886 ஒப்பந்தம் கேரளத்தைக் கட்டுப்படுத்தும், நீதிமன்றம் தீர்த்துவைத்த உண்மையைச் சட்டமியற்றி அழிக்க முடியாது. அவ்வாண்டு நவம்பரில் நீர் 142 அடியைத் தொட்டது.

தீர்ப்பு நமக்குச் சாதகம் என்பதோடு நிறுத்திக்கொள்வது நேர்மையாகாது. அணைக்குக் கீழே இடுக்கி மாவட்டத்தில் வாழ்வோரின் அச்சம் மெய்யானது. எந்த நீதிமன்ற ஆணையும் ஒருவரின் அச்சத்தைத் தள்ளுபடி செய்துவிட இயலாது. அதுபோலவே, பேரணைக் கால்வாயின் கீழ் நாற்றுப் பாவியவரின் கவலையும் மெய்யானது. கண்காணிப்புக் குழு, 2021ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம் ஆகியவை அச்சத்தையும் கவலையையும் ஒரே மேசையில் வைத்துப் பேச வழி செய்கின்றன.

999 ஆண்டுகளில் கழிந்தவை நூற்று நாற்பதே. எஞ்சிய காலத்தை வழக்குகளாலேயே கடக்க முடியாது. 1941இன் தீர்ப்பு மூடிய கதவை 1970இன் சமரசம் திறந்தது. அணையின் உயரம் பற்றிய வழக்கிலும் நாம் நினைவில் கொள்ள வேண்டியது அதுவே.