கிளினிக்கை அழைத்தால் தாதி ஏன் இத்தனை கேள்வி கேட்கிறார்?

கோலசிலாங்கூர், பெஸ்தாரி ஜெயா வட்டாரத் தோட்டங்களிலிருந்து கிளினிக்கிற்குத் தொலைபேசியில் அழைப்போரிடம் தாதி முதலில் நோயாளியின் வயது, உபாதை தொடங்கிய நேரம், உட்கொள்ளும் மருந்துகள் ஆகியவற்றைக் கேட்பார். நோயாளியை நேரில் பார்க்க முடியாததால், உடனே வர வேண்டியவரையும் காத்திருக்கக் கூடியவரையும் இக்கேள்விகளே பிரித்துக் காட்டும். இயன்றால் நோயாளியே பேசுவது நல்லது.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கக் கை கால் செயலிழப்பு, மயக்கம் ஆகியவற்றுக்குக் கிளினிக்கை அல்ல, 999-ஐ அழைக்க வேண்டும். தோட்டத்தின் பெயர், டிவிஷன், லயத்திற்கு வரும் பாதை ஆகியவற்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

டிங்கியில் காய்ச்சல் தணியும் நாளிலும் ஆபத்து உண்டு. தொடர் வாந்தி, கடும் வயிற்றுவலி, ஈறில் இரத்தம் கண்டால், விடியும்வரை காத்திராமல் தஞ்சோங் காராங் மருத்துவமனை போன்ற அவசரப் பிரிவுள்ள இடத்திற்குச் செல்ல வேண்டும்.