தட்டுக்குப் பின்னால் யார்?



போடிமெட்டுப் பக்கம் ஏலத்தோட்டம் வைத்திருக்கும் பழைய மாணவி பொங்கலுக்கு ஒரு தட்டு கொண்டுவந்தாள். "கையால செஞ்ச பாண்டிச்சேரி தட்டு, சார்" என்றாள். செய்தது யார் என்று கேட்டேன். தெரியவில்லை.

1971-ல் டெபோரா ஸ்மித், ரே மீக்கர் என்ற அமெரிக்கர்கள் பாண்டிச்சேரியில் 'கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி'யைத் தொடங்கினார்கள். டெபோரா ஜப்பானில் மண்வேலை கற்றவர். நம் ஊர் மண்சட்டி தண்ணீரையும் எண்ணெயையும் உறிஞ்சும். இவர்கள் சவுக்கு விறகெரித்து, சுமார் 1,300 டிகிரியில் சுட்டார்கள். மண் கல்லாக இறுகியது. அன்றாடம் சோறு போட்டுச் சாப்பிடும் தட்டானது. உள்ளூர்த் தமிழர்களுக்கும் வேலை கற்றுக்கொடுத்தார்கள். கற்றவர்கள் தனிப் பட்டறை வைத்தார்கள். ஒரு பட்டறையின் பாணிக்கு ஊரே பெயராகிவிட்டது.

நம் ஏலக்காய்க்கும் இதே கதைதான். மலையில் விளைகிறது, சந்தையில் துறைமுக ஊரின் பெயரால் 'ஆலப்பி கிரீன்'. காய் எடுத்த பெண்ணின் பெயர் எங்கும் இல்லை.

ராஜாக்களின் பெயரையே மனப்பாடம் செய்ய வைத்தவன் நான். தட்டைத் திருப்பி, செய்தவர் யார் என்று கேட்கச் சொல்லித் தரவில்லை. இப்போது சொல்கிறேன், கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்