பாபநாசம் ஆலையில் ஓடிய பெல்ட்

பல்சக்கரப் படிகளுக்குப் பதிலாக பெல்ட்டால் வேகத்தை மாற்றும் சிவிடி கியர்பாக்ஸ் உள்ள காரை வாங்க நினைப்பவர் முதலில் கேட்பது, ரிப்பேர் வந்தால் எவ்வளவு ஆகும் என்பதைத்தான். பல்சக்கரத்தை நம்பலாம், பெல்ட்டை எப்படி நம்புவது என்ற பயம் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. ஆனால் பெல்ட்டை நகர்த்தியே வேகத்தைப் படிப்படியின்றிக் கூட்டிக் குறைக்கும் உத்தி தாமிரபரணிக் கரைக்குக் காரோடு வந்ததல்ல. 1880களில் ஹார்வி சகோதரர்கள் ஆற்றின் வீழ்ச்சியை நம்பிப் பாபநாசத்தில் பஞ்சாலை தொடங்கிய காலத்திலேயே அது நூற்பாலைகளின் அன்றாடச் சாதனம். நூலாக முறுக்குவதற்கு முந்தைய தளர்ந்த திரியை பாபினில் சுற்றும் ஸ்பீட் ஃப்ரேமில், எதிரெதிராகச் சரியும் இரண்டு கோன் டிரம்கள் இருக்கும்; அவற்றை ஒரு தோல் பெல்ட் இணைக்கும். திரி ஒரே சீராக வந்துகொண்டிருக்க, பாபின் மட்டும் அடுக்குக்கு அடுக்கு பருக்கும். பழைய வேகத்திலேயே சுழன்றால் திரி இழுபட்டு மெலியும், அறுந்தும் போகும். அதனால் ஒவ்வோர் அடுக்கு முடிந்ததும் பெல்ட் டிரம்மின் மேல் துளி நகர, பாபினின் வேகம் அதற்கேற்ப இறங்கும்.

அந்த ஏற்பாடு நூறாண்டுக்கு மேல் ஆலைகளில் நிலைத்ததற்குக் காரணம், தேய வேண்டிய பொருள் அதில் மலிவானதாகவும் கைக்கு எட்டுவதாகவும் இருந்ததே. பெல்ட் வழுக்கினால் திரி உடனே காட்டிக்கொடுக்கும். தோல் வாரை மாற்றிவிட்டால் டிரம்முக்குச் சேதமில்லை. 1958இல் டச்சு நிறுவனமான டாஃப் சிவிடியைக் காரில் கொண்டுவந்தபோதும் ரப்பர் பெல்ட்தான் இருந்தது. 1987இல் சுபாரு ஜஸ்டி போன்ற கார்களில் வந்த எஃகு பெல்ட்டோ வேறு சாதி: நூற்றுக்கணக்கான மெல்லிய எஃகுத் துண்டுகளை வளையத்தில் கோத்து, எண்ணெய் அழுத்தத்தால் இரு புல்லிகளுக்கு நடுவே நெரித்து ஓட்டுவது. அது வழுக்கினால் புல்லியின் முகத்தில் கீறல் விழும், உதிரும் இரும்புத்தூள் எண்ணெயோடு வால்வுகளுக்குள் போகும். அந்நிலையில் பெல்ட்டை மட்டும் மாற்றிப் பயனில்லை என்பதால் முழுப் பெட்டியையே மாற்றச் சொல்கிறார்கள். அமெரிக்காவில் நிசான் தன் 2003 முதல் 2010 வரையிலான சிவிடி கார்களுக்கு உத்தரவாதத்தை 10 ஆண்டு அல்லது 1,20,000 மைல் என்று நீட்டிக்க நேர்ந்தது.

கார் இன்ஜினின் முழு விசையையும் தோலோ ரப்பரோ தாங்குமா என்று கேட்கலாம். தாங்காதுதான். ஆனால் ஆலையின் பெல்ட்டும் முழு விசையைச் சுமக்கவில்லை. மான்செஸ்டரின் ஹோல்ட்ஸ்வொர்த் 1826இல் காப்புரிமை பெற்ற டிஃபரென்ஷியல் அமைப்பில் பெரும்பங்கு விசை பல்சக்கரம் வழியாகப் போனது. கூட்டிக் குறைக்க வேண்டிய சிறு பங்குதான் பெல்ட்டுக்கு. சுமையைப் பிரித்ததில்தான் அதன் ஆயுள் இருந்தது. சுமை குறைந்த இடத்தில் பெல்ட் இன்றும் நம்பகமாகவே ஓடுகிறது. 1984இல் கைனெடிக் ஹோண்டா கொண்டுவந்த கியரில்லாத ஸ்கூட்டரும், திருக்குறுங்குடிக்காரர் டி.வி.சுந்தரம் அய்யங்கார் தொடங்கிய நிறுவனத்தின் வழிவந்த ஸ்கூட்டியும் சிவிடி வண்டிகளே. பக்கவாட்டு மூடியைக் கழற்றினால் ரப்பர் பெல்ட் கண்ணெதிரே நிற்கும்; முன்புல்லியையும் கழற்றினால் அதற்குள் இருக்கும் ரோலர்கள் கைக்கு வரும். வட்டமான ரோலர் ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்திருப்பதை விரலால் தடவியே சொல்லிவிடலாம். டொயோட்டாவின் இன்னோவா ஹைக்ராஸ் ஹைபிரிடில் பெல்ட்டே இல்லை. இன்ஜினையும் மோட்டாரையும் பல்சக்கரத் தொகுதி ஒன்று சேர்த்துப் பிரித்து வேகத்தைச் சீராக மாற்றுகிறது. பாபநாசம் போன்ற ஆலைகளின் ஸ்பீட் ஃப்ரேமில் விசையைப் பிரித்த அதே வகைப் பல்சக்கரக் கூட்டு அது.