அமேசான் முகத்துவாரப் பவளத்திட்டு: ‘இறந்த படிவு’ என்னும் வாதம் குறித்து

அமேசான் ஆறு கடலில் கலக்கும் பகுதியில், கலங்கல் நீர்ப்படலத்தின் அடியில் விரிந்துள்ள பவளத்திட்டுத் தொகுதியைப் பற்றி 2016இல் வெளிவந்த ஆய்வை, அங்கே எண்ணெய் அகழ்வதில் இடரில்லை எனக் கருதும் நிலவியல் தரப்பு ஒரு குறிப்பிட்ட வகையில் வாசித்துவருகிறது. பனியூழிக் காலத்தில் கடல்மட்டம் தாழ்ந்திருந்தபோது உருவாகிப் பின்னர் வளர்ச்சி நின்ற சுண்ணாம்புப் படிவுகளே அங்குள்ளவை என்றும், ஆகவே அழிவதற்கு உயிருள்ள திட்டு ஏதுமில்லை என்றும் அத்தரப்பு கூறுகிறது.

இவ்வாசிப்பு ஆய்வின் ஒரு பாதியை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. சுண்ணாம்பின் கணிசமான பகுதி கடல்மட்டம் தாழ்ந்த காலத்தில் படிந்தது என்று கூறும் அதே ஆய்வு, கண்டத்திட்டின் வெளிவிளிம்பில் அப்படிவு இன்றும் தொடர்கிறது என்றும் பதிவுசெய்கிறது. கலங்கல் நீர் ஆண்டின் சில மாதங்களே மூடும் தென்பகுதியில் ஒளியை நம்பி வாழும் பவளங்களும், உடலில் சுண்ணாம்பைப் படியவைத்து உருண்டைகளாக வளரும் செம்பாசிகளான ரோடோலித்துகளும் மிகுந்துள்ளன. ஒளி குன்றிய வடபகுதியில் பாறைச் சட்டகம் அரிக்கப்பட்டுவருவது உண்மையே என்றாலும், அதன்மேல் பெரிய கடற்பஞ்சுகளும் நீரை வடிகட்டி உண்ணும் பிற உயிர்களும் செறிந்து குடியேறியுள்ளன. அந்த ஆய்வு 61 கடற்பஞ்சு இனங்களையும் 73 மீனினங்களையும் பட்டியலிட்டது. வீட்டின் அடித்தளம் எந்த நூற்றாண்டினது என்பதை அறிவதால் அதில் இன்று யாரும் குடியிருக்கவில்லை என்று முடிவாகிவிடாது. பாறையின் வயதும் அதன்மேல் வாழும் உயிர்ச்சமூகத்தின் நிலையும் தனித்தனியே விடைதேட வேண்டிய கேள்விகள்.

தொகுதியின் பரப்பளவைப் பொறுத்தவரை எதிர்த்தரப்பின் ஐயத்தில் நியாயமுண்டு. 2016இல் சுமார் 9,500 சதுர கிலோமீட்டர் என்றிருந்த மதிப்பீடு 2018இல் 56,000 வரை உயர்ந்தது. சில இடங்களில் மட்டும் எடுத்த மாதிரிகளிலிருந்து விரித்துக் கணிக்கப்பட்ட அவ்வெண்ணை முழுமையாக அளந்து வரைந்த நிலப்படமாகக் கொள்வது பொருந்தாது. ஆயினும் அளக்கப்படாத பகுதியை உயிரற்றதெனக் கொள்வதற்கு இக்குறை சான்றாகாது.

எண்ணெய் மிதக்கும், ஆகவே ஆழத்திலுள்ள திட்டைத் தொடாது என்னும் வாதம் நீண்ட மறுப்புக்குரியதன்று. 2010இல் மெக்சிகோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் விபத்து நிகழ்ந்த கிணற்றிலிருந்து 11 கிலோமீட்டர் தொலைவில், 1,370 மீட்டர் ஆழத்தில் பவளங்கள் பழுப்புப் படலம் மூடிச் சேதமுற்றிருந்தன. நீரில் மிதக்கும் வண்டலில் எண்ணெய்த் துளிகள் ஒட்டி, எடை கூடி அடியில் இறங்கும் இயல்புடையவை என்பதால், வண்டல் மிகுந்த அமேசான் நீரில் இவ்விடர் குறையும் என எதிர்பார்க்க இடமில்லை; வடிகட்டி உண்ணும் கடற்பஞ்சுகளே அத்துகள்களை முதலில் உள்வாங்கக்கூடியவை.

பிரேசில் சுற்றுச்சூழல் முகமை இபாமா, 2023 மே மாதத்தில் மறுத்த அமேசான் முகத்துவாரப் படுகையிலுள்ள எஃப்.இசட்.ஏ.-எம்-59 என்னும் எண்ணெய் அகழ்வுத் தொகுதியின் ஆய்வுக் கிணற்றுக்கான உரிமத்தை 2025 அக்டோபரில் பெட்ரோப்ராஸ் நிறுவனத்துக்கு வழங்கியது. இனி அப்படுகையில் கோரப்படும் எந்த உரிமத்துக்கான மதிப்பீடும், வடபகுதித் திட்டை இறந்த பாறையாகக் கணக்கில் கொள்ளுமாயின், அது ஏற்கத்தக்கதன்று.