செம்பில் நின்ற சொல்லும் தட்டில் நின்ற நாதமும்

தமிழகத்தின் வட எல்லையாகத் தொல்காப்பியப் பாயிரம் வேங்கட மலையைக் குறிக்கின்றது. அம்மலை நோக்கிச் செல்லும் பெருவழியில், புத்தூருக்கும் திருப்பதிக்கும் இடையே அமைந்தது நம் வடமாலபேட்டை. பிழைப்பை நாடி இங்கு வந்து, தெலுங்கோடு தமிழையும் பேணி வாழும் நாம், அம்மலை உணர்த்தும் ஓர் இசைவரலாற்றுப் பாடத்தைச் சிந்தித்தல் தகும்.

தாளப்பாக்கம் அன்னமாச்சாரியார் (1408–1503) வேங்கடவன்மீது பாடிய பாடல்கள் செப்பேடுகளில் பொறிக்கப்பெற்றுத் திருமலைக் கோயிலின் சங்கீர்த்தன பண்டாரத்தில் வைக்கப்பட்டன. நெடுங்காலம் பொதுமக்கள் அறியாது கிடந்த அவ்வேடுகள் 1920களில் மீண்டும் வெளிச்சம் கண்டன. பாடல் கிடைத்தது, இராகத்தின் பெயரும் கிடைத்தது. அவர் பாடிய மெட்டோ பெரும்பாலும் கிடைக்கவில்லை. இராள்ளபல்லி அனந்தகிருஷ்ண சர்மா, நேதுநூரி கிருஷ்ணமூர்த்தி முதலிய இருபதாம் நூற்றாண்டு இசைவாணர்கள் புதிதாக மெட்டமைத்தமையாலேயே அப்பாடல்களுட் பலவற்றை இன்று நாம் கேட்கின்றோம்.

தேவாரத்தின் வரலாறும் இதையே கூறும். ஏடுகள் தில்லையில் கிடைத்த பின்னரும், பண்முறை அறியத் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்மணியை நாட வேண்டியிருந்தது என்பது திருமுறைகண்ட புராணம் தரும் செய்தி. சொல்லை ஏடு காத்தது. இசையை மனிதரே காத்தனர்.

சொல்லுள்ள பாடலுக்கே இந்நிலை எனின், சொல்லும் முன்னமைந்த மெட்டும் இன்றி அந்த நொடியிலேயே பிறக்கும் இசையின் கதி யாது? நம் மரபு அதனை மனோதர்மம் என்னும். இராக ஆலாபனை, தானம், கற்பனைச் சுரம், தனியாவர்த்தனம் ஆகிய யாவும் அவ்வகையின. திருவிழா இரவில் நாகசுர வித்துவான் ஓர் இராகத்தை மணிக்கணக்கில் விரிப்பார். விடிந்தால் அது கேட்டவர் நெஞ்சில் அன்றி வேறெங்கும் இராது.

இசைத்தட்டு வந்தபோது இந்நிலை ஓரளவு மாறியது. ஆயினும் பழைய தட்டின் ஒரு பக்கம் மூன்று, நான்கு நிமிடங்களுக்கு மேல் ஓடாது. திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை போன்ற மேதையரும் கடலனைய தோடியைத் தட்டுக்கெனச் சிறு செம்பில் முகந்து தர வேண்டியதாயிற்று. 1948இல் அமெரிக்காவில் நெடுந்தட்டு வெளிவந்து, ஒரு பக்கம் இருபது நிமிடங்களுக்கு மேல் ஓடிய பின்னரே கற்பனை இசைக்குக் காலூன்ற இடம் கிடைத்தது.

அவ்விடத்தை மேலைநாட்டார் எல்லைவரை சென்று சோதித்தனர். 1960 டிசம்பர் 21இல் நியூயார்க்கில் ஆர்னெட் கோல்மன் என்னும் கறுப்பின இசைவாணர், நால்வர் கொண்ட இரு குழுக்களை ஒரே கூடத்தில் நிறுத்தி, ஏறத்தாழ 37 நிமிடங்கள் இடைவிடாது இசைக்கச் செய்து பதிவு செய்தார். ஒரு குழு இடப்புற ஒலிபெருக்கியிலும் மற்றது வலப்புறத்திலும் கேட்கும். ‘ஃப்ரீ ஜாஸ்’ என்ற அத்தட்டின் பெயரே பின்னர் ஓர் இசைநெறிக்கும் பெயராயிற்று. அங்கும் தனி வாசிப்புகளுக்கு இடையே முன்னமைத்த சிறு இசைத்தொடர்கள் உண்டு. கட்டறுத்தவர்க்கும் கூடி நிற்க ஒரு திண்ணை வேண்டியிருந்தது போலும்!

இவ்விரு நெறிகளும் சந்தித்த இடமே ‘சக்தி’ குழு. ஆங்கிலேயரான ஜான் மெக்லாஃப்லின் ஜாஸ் கிதாரில் புகழ் பெற்றவர். அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். இராமநாதனிடம் வீணை பயின்றவர். வயலின் எல். சங்கர், யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்த வி. இலட்சுமிநாராயணாவின் மைந்தர். 1958ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் அக்குடும்பம் இலங்கையை விட்டுத் தமிழகம் வந்தது. பெயர்ந்து சென்றோர் வீட்டையும் நிலத்தையும் விட்டுச் செல்வர், விரலில் உள்ள வித்தையை விட்டுச் செல்லார் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? கடம் டி.எச். விநாயக்ராம், தபலா ஜாகிர் உசேன், மிருதங்கம் இராமநாதபுரம் வி. இராகவன் ஆகியோர் ஏனையோர்.

1975 ஜூலை 5ஆம் நாள் நியூயார்க் மாநிலத்தின் சவுத்தாம்ப்டன் கல்லூரியில் இவ்வைவரும் நிகழ்த்திய கச்சேரி நேரடியாகப் பதிவாகி, அடுத்த ஆண்டு தட்டாயிற்று. அதன் ஒரு பக்கம் முழுவதும், ஏறத்தாழ 29 நிமிடங்கள், ஒரே உருப்படி. பின்னர் இராகவன் நீங்க, நால்வராகவே 1976இல் இலண்டனில் அடுத்த தட்டைப் பதிவு செய்தனர். பல்லவி போன்ற இசைத்தொடர்கள் முன்னமைந்தவை. விரிவோ அவ்வப்போது பிறந்தது. மெக்லாஃப்லினின் கிதாரில் மெட்டுகளுக்கு இடையே மரம் குடையப்பட்டிருந்தது. அதனால் தந்தியை அழுத்தி வீணைபோல் கமகம் எழுப்ப முடிந்தது. குறுக்கே ஏழு சுருதித் தந்திகளும் பூட்டப்பட்டன. பிறர் மொழியைப் பேசத் தம் கருவியையே மாற்றிக்கொண்ட பணிவு அது.

வயலின் வினவ, கிதார் விடை பகரும். தபலா ஒரு கணக்கை விட, கடம் அதனை முடித்து வைக்கும். அடுத்து வருவது யாதென எவரும் அறியார். ஆதலின் ஒவ்வொருவரும் மற்றவரைச் செவிமடுத்தே தீர வேண்டும். கற்பனை இசையின் உயிர் விரலினும் செவியிலேயே உள்ளது என்பதை அப்பதிவு காட்டுகின்றது.

1978இல் கலைந்த குழு 1997இல் மீண்டும் தழைத்த பின், பாலக்கொல்லு தந்த மாண்டலின் உ. ஸ்ரீநிவாஸும், விநாயக்ராமின் மைந்தர் கஞ்சிராக் கலைஞர் செல்வகணேஷும் அதில் இணைந்தனர். ‘இந்தக் கணம்’ எனப் பொருள்படும் பெயரில் 2023இல் வெளிவந்த இவர்தம் தொகுப்பு 2024இல் கிராமி விருது பெற்றது. இராகவன் 2009இலும், ஸ்ரீநிவாஸ் 2014இலும், ஜாகிர் உசேன் 2024 டிசம்பரிலும் மறைந்தனர். கணங்களைத் தட்டு காத்துள்ளது. அடுத்த கணத்தைப் படைக்கும் ஆற்றலை மட்டும் தந்தையிடமிருந்து மகனும் ஆசானிடமிருந்து மாணவனுமே பெற்றனர்.

நாள்தோறும் கோப்புகளோடு பழகும் நமக்கு ஓருண்மை தெரியும்: நகல் எடுப்பது வேறு, வரைவு எழுதுவது வேறு. இன்று நம் பிள்ளைகள் கைப்பேசியில் ஓர் ஆலாபனையைப் பலமுறை கேட்டு, கமகம் பிசகாது பாடிக் காட்டுகின்றனர். மகிழ்கின்றோம். எனினும் அது வேறொருவர் ஒருநாள் கண்ட கற்பனையின் நகலே. சங்கங்கள் நடத்தும் இசை வகுப்புகளில், கற்ற கீர்த்தனையை ஒப்புவித்த பின், ஒரு குழந்தை இரண்டு சுரம் பாட மற்றொன்று விடை பாடும் சிறுபொழுதையும் ஒதுக்குவோம். தவறினும் குற்றமில்லை. மொழியும் அவ்வாறே, மனப்பாடச் செய்யுளால் மட்டும் வாழாது, எதிரிலிருப்பவர் சொல்வதைக் கேட்டு மறுமொழி தரும் நாவிலேயே வாழும். வேங்கடத்தின் அடிவாரத்தில் வாழும் நாம், சொல்லைச் செம்பிலும் ஒலியைத் தட்டிலும் காப்போம். கற்பனையை நம் மக்களிடத்தே காப்போம்.